ஏழு எட்டு லோக்கலில் தூங்காத ஒருத்தி

பங்குனி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை, மேலத்தாங்கலிலிருந்து காலை ஏழு எட்டுக்குக் கிளம்பிச் சென்னைக்குப் போகும் லோக்கல், கொத்தேரியைத் தாண்டி வடசாவடி வருவதற்கு முன்னால், சவுக்குத் தோப்புக்கும் செங்கல் சூளைக்கும் நடுவில், முந்தின நாள் வரைக்கும் எந்த நடைமேடையும் இருந்திராத இடத்தில் ஒரு நடைமேடையில் போய் நின்றது. கூரை இருந்தது, சிமெண்ட் பெஞ்சு இருந்தது, குழாய் இருந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. ஊர்ப் பெயர் எழுதுகிற மஞ்சள் பலகைகூட இருந்தது, அதில் எழுத்துதான் இல்லை. வண்டியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சிக்னல் போடவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வழித்தடத்தில் எது புதிதாக நடந்தாலும் முதலில் சிக்னலைத்தான் சொல்வார்கள்.

நின்ற நேரம் ஏழு நாற்பத்தொன்று. அதை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதற்குக் காரணம், பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தபோதும் கைக்கடிகாரங்களும் செல்போன்களும் ஏழு நாற்பத்தொன்றே காட்டின என்பதுதான். சவுக்கு மரங்களின் மேல் விழுந்த வெயில் விழுந்த இடத்திலேயே கிடந்தது, சூளைப் புகை எழும்பின உயரத்திலேயே நின்றது. முதலில் கோபப்பட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கோபப்படவும் அலுத்துப்போய், முதல் பெட்டியில் ஒருவர், மூன்றாவதில் நாலு பேர், பெண்கள் பெட்டியில் மொத்தமாக ஒரு வரிசை என்று தூங்க ஆரம்பித்தார்கள்.

தூங்கியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு, மாமியாருக்குக் கஞ்சியும் பிள்ளைக்கு ஒரு டப்பாவும் தனக்கு ஒரு டப்பாவும் கட்டி, ஐந்து ஐம்பதுக்கு வரும், பாதி வழி மட்டும் ஓடும் கட் சர்வீஸ் பஸ்ஸின் படிக்கட்டில் ஒரு கால் வைத்து, ஏரியைத் தூர்த்துக் கட்டின குடியிருப்பு ஒவ்வொன்றாக நின்று நின்று மேலத்தாங்கல் ஸ்டேஷனுக்கு வந்து, பாலம் ஏறி இறங்கி, ஏழு எட்டைப் பிடித்து, ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துப் பட்டணத்தில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ்ஸில் தொங்கி, வேலை பார்த்து, வந்த வழியே வந்த மாதிரியே திரும்பி, பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்தால், படுத்த பிறகும் உடம்பு பஸ்ஸில் ஆடுவது போலவே ஆடிக்கொண்டிருக்கிற ஜனங்கள் அவர்கள். கடைசி ஆள் விழித்து வாயைத் துடைத்துக்கொண்டதும் வண்டி நகர்ந்தது. வடசாவடிக்கு ஏழு நாற்பத்தைந்துக்கு வந்தது. அட்டவணைப்படி வரவேண்டிய நேரமும் அதுதான்.

இதையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை கண் திறந்து பார்த்தவள் ஒருத்திதான் உண்டு, அவள் பூங்காவனம். நாற்பத்தேழு வயது. மில் கேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. பெண்கள் பெட்டியில் கதவோரத்து இருக்கை அவளுடையது. அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஏறியதும் ஒவ்வொருத்தியும் பூங்காவனத்திடம் வந்து, தான் இறங்கும் இடத்தைச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். "அக்கா, குளத்துமேடு வந்தா எழுப்பி வுடு" என்றால் போதும், அதற்கப்புறம் பெட்டி தலைகீழாகக் கவிழ்ந்தாலும் அவளுக்குக் கவலை இல்லை. இப்படி நாற்பது பேர் இறங்கும் இடத்தைப் பூங்காவனம் மனசில் வைத்திருப்பாள்.

எழுப்புவதிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்டேஷன் வர மூன்று நிமிஷம் இருக்கும்போதே எழுப்பிவிடுவாள், வந்த பிறகு எழுப்பவே மாட்டாள். எழுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா எழுந்திரு, நேரம் இருக்கு" என்று சொல்லி, எழுந்தவளின் கண் தெளிகிறவரைக்கும் பிடித்த கையை விட மாட்டாள். "அந்த மூணு நிமிஷத்தையும் நான் தூங்கியிருப்பேனே" என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. பூங்காவனம் மறுநாளும் அதே மூன்று நிமிஷம் முன்னால்தான் எழுப்புவாள்.

நடைமேடை மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது. ஜனங்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். எட்டாவது நாள் போர்வை வந்தது, பத்தாவது நாள் காற்று ஊதுகிற தலையணை வந்தது, பதினைந்தாவது நாள் ஆண்கள் பெட்டிக்காரர்கள் பெஞ்சுகளையும் கூரைக்குக் கீழ் நிழலையும் ஆளுக்கு இவ்வளவு என்று கைக்குட்டை போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். செல்போனைச் சத்தமாக வைக்கக் கூடாது, முழித்தவர் முழிக்காதவரைத் தொடக் கூடாது, குறட்டை விடுகிறவர்கள் சவுக்குத் தோப்பு ஓரமாகப் படுக்க வேண்டும் என்று மூன்று விதிகள் ஏற்பட்டன. யார் போட்ட விதி என்று யாரும் கேட்கவில்லை. கடிகாரம்தான் நின்றதே ஒழிய உடம்பு நிற்கவில்லை, பசித்தது, நகம் வளர்ந்தது, முகச்சவரம் செய்துகொண்டு ஏறினவர்கள் முள் தாடியோடு இறங்கினார்கள். அதனால் எல்லோரும் இரண்டு டப்பாக்களாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கூடையில் கீரை கொண்டுபோகும் நாகம்மாள் மட்டும், வண்டி கிளம்புவதற்குள் கீரை வாடிவிடுகிறது என்று திட்டிக்கொண்டே குழாயடியில் கட்டுக் கட்டாக நனைத்து வைத்தாள்.

தினசரிப் பயணிகள் சங்கத்தின் செயலாளர் தணிகாசலம், ஓய்வு பெற இரண்டு வருஷம் மீதி இருந்த குமாஸ்தா, எதையும் மனுவாக எழுதிப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். 'அட்டவணையில் இல்லாத நிறுத்தம் குறித்து' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டியதும் கூட்டத்தில் ஒருவர், "ஐயா, இதக் குடுத்தா ஆபீசருங்க வருவாங்க, அளப்பாங்க, வேலி போடுவாங்க, அப்புறம் டெண்டர் வுடுவாங்க" என்றார். தணிகாசலம் மனுவை நாலாக மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்.

தூங்க ஆரம்பித்த பிறகு அவர்களுக்குள் பல காரியங்கள் நடந்தன. பெரியாஸ்பத்திரி நர்ஸ் ரெஜினா மேரி, வார்டில் யார்மீதும் கத்தாமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டாள் என்று நோயாளிகளே பயந்துபோனார்கள். தணிகாசலம் பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக மேலதிகாரியைப் பார்த்துச் சிரித்து, அதற்கு விளக்கம் கேட்டு மெமோ வாங்கினார். சேதி பரவி, ஆறரை லோக்கல்காரர்களும் ஏழே முக்கால்காரர்களும் இந்த வண்டிக்கு மாறினார்கள். ஸ்டேஷனுக்கு வரும் அந்தக் கட் சர்வீஸ் பஸ்ஸில் கண்டக்டர், "ஏழு எட்டுக்குப் போறவங்கல்லாம் முன்னாடி போ, தூங்கப் போறவன் நின்னுக்கிட்டு வந்தா இன்னா" என்று விரட்டுவார். அவருக்கு மட்டும் தூங்க வழியில்லை என்ற ஆற்றாமை.

பூங்காவனம் தூங்கவில்லை. மற்றவர்கள் படுக்கும்போது அவளும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடுவாள், பக்கத்தில் படுத்த ரெஜினாவின் மூச்சு ஒரே சீராக வரத் தொடங்கியதும் திறந்துகொள்வாள். நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். தூங்குகிற முகங்களைப் பார்ப்பாள். ஆயிரத்துச் சொச்சம் பேர் தூங்க, அத்தனை பேருக்கும் ஒருத்தி காவல் இருப்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் அசைகிற சத்தம் கேட்டதும் ஓடிவந்து உட்கார்ந்து, குழாயில் முகம் கழுவி, எல்லாரையும் போலச் சோம்பல் முறிப்பாள். வீட்டிலும் அவளுக்குக் கோழித் தூக்கம்தான். ஓடுகிற வாகனத்தில் என்றால் பதினோரு வருஷமாக இமைகூட ஒட்டியதில்லை.

நாட்கள் போகப் போக நிறுத்தம் சுருங்கியது. முன்பு நாலு மணி நேரத் தூக்கம் தூங்கினவர்கள் இரண்டு மணி நேரத்தில் விழித்தார்கள், பிறகு ஒரு மணி, பிறகு கால் மணி. வருஷக்கணக்கில் சேர்ந்து கிடந்த தூக்கமெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தது. சித்திரை பிறந்து இரண்டாவது வாரம், முப்பத்திரண்டாவது நாள், ஒரு வியாழக்கிழமை, வண்டி வழக்கம்போல் ஏழு நாற்பத்தொன்றுக்கு நின்றது, ஜனங்கள் வழக்கம்போல் போர்வை விரித்துப் படுத்தார்கள், ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. ஒரு கொட்டாவிகூடக் கிடையாது. எழுந்து போர்வையை மடித்துவிட்டு, வண்டி கிளம்பட்டும் என்று உட்கார்ந்தார்கள்.

வண்டி கிளம்பவில்லை.

முதல் டப்பா தீர்ந்தது. பேசினார்கள், சீட்டாடினார்கள், பேசினதையே பேசினார்கள். இரண்டாவது டப்பாவும் தீர்ந்தது. நாகம்மாளின் கீரை ஒருமுறை வாடி, நனைத்து நிமிர்ந்து, மறுபடி வாடி, மூன்றாவது முறை நனைத்தபோது நிமிரவில்லை. வண்டியோட்டி ஜெகதீசன் கீழே இறங்கி, பன்னிரண்டு பெட்டியையும் வெளியிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டு கடைசிவரை நடந்து வந்தார். கரண்ட் இருக்கிறது, சிக்னல் பச்சையாக இருக்கிறது, கைப்பிடியைத் திருப்பினால் சக்கரம் கேட்கமாட்டேன் என்கிறது என்றார்.

"அப்படின்னா ஒரே ஒரு காரணந்தான் இருக்க முடியும்" என்றார் தணிகாசலம், பெஞ்சின் மேல் ஏறி நின்று. "இது தூங்க வைக்கிறதுக்குன்னு வந்த ஸ்டேஷன். நம்மள்ல யாரோ ஒருத்தர் இன்னும் தூங்காம இருக்கீங்க. மத்தவங்க தூக்கமெல்லாம் தீந்துபோச்சு, பாக்கி இருக்கிறது அந்த ஒருத்தர் தூக்கந்தான். அவங்க தூங்கினாத்தான் வண்டி போவும். யாருன்னு கண்டுபிடிக்கணும்."

எல்லாத் தலையும் பெண்கள் பெட்டிப் பக்கம் திரும்பியது. நாகம்மாள் பூங்காவனத்தின் முழங்கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டாள். "இவளக் கேளுங்க. எல்லாரையும் எழுப்புறவ இவதான். எவ தூங்குறா, எவ பாசாங்கு பண்றான்னு மூஞ்சப் பாத்தே சொல்லுவா."

தூங்காதவள் தான்தான் என்று பூங்காவனம் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆயிரம் பேர் நம்பிக்கையோடு பார்க்கும்போது, தேடுகிறவளாக நிற்பது தேடப்படுகிறவளாக நிற்பதைவிடச் சுலபமாக இருந்தது. அவள் தணிகாசலத்தோடு பெட்டி பெட்டியாக நடந்தாள். "தூங்கினீங்களா? நெஜமா தூங்கினீங்களா?" என்று ஒவ்வொரு முகமாகக் குனிந்து கேட்டாள். தூங்கினோம் என்று அவர்கள் சொன்னார்கள், சும்மா சொல்லவில்லை, எந்த நாள் எந்தப் பெஞ்சில் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்கினோம், கனவில் யார் வந்தார்கள், எச்சில் எவ்வளவு தூரம் ஒழுகியது என்று ஆசை ஆசையாகச் சொன்னார்கள். பன்னிரண்டாவது பெட்டியிலிருந்து திரும்பி வந்தபோது, பெண்கள் பெட்டியில் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

நடுவில் தில்ஷாத் படுத்திருந்தாள். கூரியர் ஆபீசில் கணக்கெழுதுகிறவள், இருபத்தாறு வயது, முதல் பிள்ளை, எட்டு மாசம் முடிந்துவிட்டது. அடுத்த திங்களிலிருந்து லீவு. போன மாதம் இதே பெட்டியில்தான் அவளுக்கு வளையல் போட்டு, ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டு வந்து விருந்து வைத்திருந்தார்கள். ரெஜினா அவள் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். அழுத்தின குழி மேலே வரவில்லை.

"தலை எப்டி இருக்கு?" என்று கேட்டாள் ரெஜினா.

"பொளக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது. இப்ப இடுப்பும் வலிக்க ஆரம்பிச்சிருச்சு."

ரெஜினா எழுந்து வந்து பூங்காவனத்தின் காதருகே மெல்லப் பேசினாள். "பூங்காக்கா, இது சாதாரண வலி இல்ல. பிரஷர் ஏறிக்கிட்டிருக்கு. தோல்பட்டறை ஸ்டேஷன்ல இறக்கி அங்க இருக்கிற ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போயிட்டா தாயும் புள்ளையும் பொழைக்கும். இங்கயே கெடந்தா ரெண்டையும் என்னால காப்பாத்த முடியாது. யாரு அந்தத் தூங்காத மகராசின்னு கண்டுபிடிச்சியா?"

பூங்காவனம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. "நான்தான் தூங்கல. ஒரு நாளும் தூங்கல."

"அடிப்பாவி!" என்று கத்தினாள் நாகம்மாள். "பன்னெண்டு பொட்டி சுத்தி வந்தியே, ஊரெல்லாம் கேட்டியே, ஒரு வார்த்த சொன்னியாடி? அந்தப் பொண்ணு இங்க துடிச்சிக்கிட்டிருக்கா." அவள் அடிக்கக்கூட கையை ஓங்கினாள், ரெஜினா தடுத்து, "அடிச்சா தூக்கம் வருமா? வுடு" என்றாள்.

பிறகு அவளைத் தூங்க வைக்க வேண்டிய வேலையில் வண்டி முழுவதும் இறங்கியது. கதவோரத்து நீள இருக்கையில் ஆறு போர்வை போட்டு மெத்தை ஆக்கினார்கள். பாதத்துக்கு எண்ணெய் தேய்த்தார்கள். ஒருத்தி மோர் கொடுத்தாள், ஒருத்தி விபூதி பூசினாள், தில்ஷாத்தின் பக்கத்து வீட்டுக்காரி ஓதி ஊதினாள். பன்னிரண்டு பெட்டியிலும் மூச்சு விடுவதைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஜெகதீசன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அத்தனை பேரும் தன் தூக்கத்துக்காகக் காத்திருப்பது தெரிந்த ஒருத்திக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? பூங்காவனம் இமையை இறுக்கி மூடினாள், உடனே கையை உதறிக்கொண்டு எழுந்தாள். மறுபடி மூடினாள், மறுபடி எழுந்தாள்.

"கண்ண மூடுனா அவ எறங்குறா" என்றாள்.

"எவ?"

சொன்னாள். பதினோரு வருஷமாக யாருக்கும் சொல்லாததை, தலை குனிந்தபடி, மடியில் இருந்த போர்வையின் பிசிறை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டே சொன்னாள். தங்கை குணவதியும் அவளும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். குணவதி அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகையில், மேலத்தாங்கலையும் தாண்டிப் போகும் ஒரு லோக்கலில் இவள் தோளில் சாய்ந்து, "அக்கா, தாங்கல் வந்தா எழுப்பு" என்றாள். எழுப்புகிறேன் என்று சொன்ன பூங்காவனமும் அன்றைக்கு அலுப்பில் கண்ணயர்ந்துவிட்டாள். ரெண்டு நிமிஷம் இருக்கும். விழித்துப் பார்த்தால் மேலத்தாங்கல் பலகை ஜன்னலில் நகர்ந்துகொண்டிருந்தது. "குணா, ஸ்டேஷன் போவுதுடி, எழுந்திரி, எழுந்திரி" என்று பதறி உலுக்கினாள். தூக்கம் கலையாத குணவதி, அக்கா சொல்கிறாளே என்று, எழுந்த வேகத்தில் ஓடிப்போய்க் கதவிலிருந்து இறங்கினாள்.

"வண்டி நிக்கலன்னு அவளுக்குத் தெரியல" என்றாள் பூங்காவனம். "அடுத்த ஸ்டேஷன் நாலு நிமிஷந்தான். அங்க எறங்கி, எதிர் வண்டி பிடிச்சித் திரும்பி வந்திருக்கலாம். நான் தூங்காம இருந்திருந்தாலும் அவ இருப்பா. தூங்கினவ அப்டியே தூங்கித் தொலைஞ்சிருந்தாலும் இருப்பா. ரெண்டுத்தையும் நான்தான் பண்ணேன்."

அந்த மூன்று நிமிஷத்துக்குச் சலித்துக்கொண்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாகம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். சொன்னால் மனபாரம் இறங்கித் தூக்கம் வரும் என்று ரெஜினா நினைத்தாள். சொன்ன பிறகும் பூங்காவனத்தின் கண் காய்ந்துபோய்த் திறந்தே கிடந்தது.

தில்ஷாத் படுத்த இடத்திலிருந்து ஒரு கையை ஊன்றி எழுந்தாள். படு படு என்று நாலு பேர் சொல்லியும் கேட்காமல், இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வந்து, பூங்காவனத்தின் பக்கத்தில், ஜன்னலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். வலி வந்தபோது உதட்டைக் கடித்துப் பொறுத்தாள், போன பிறகு பேசினாள்.

"அக்கா, நாங்க எல்லாரும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே தூங்குறோம். நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யார்கிட்டம்மா சொல்றது? கேட்டவங்களும் தூங்கிட்டா?"

"எங்கிட்ட சொல்லுங்க. எனக்கு இருக்கிற வலிக்கு இன்னிக்கு நான் எங்க தூங்கப் போறேன்? நெனச்சாலும் தூங்க முடியாது." அவள் பூங்காவனத்தின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க. எங்க எறங்கணும்?"

பூங்காவனம் அவளையே பார்த்தாள். வீங்கின முகம், வெளுத்த உதடு, வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் இறுகிப்போன கை. தினமும் நாற்பது பேர் அவளிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைதான், அவள் வாயில் அது பதினோரு வருஷமாக வந்ததில்லை.

"தில்ஷாத்து" என்றாள் கடைசியில். "மில் கேட் வந்தா என்னிய எழுப்பி வுடும்மா."

"எழுப்புறேங்க்கா."

"மூணு நிமிஷம் முன்னாடி."

"மூணு நிமிஷம் முன்னாடி. கையப் பிடிச்சிக்கிட்டு."

பூங்காவனத்தின் தலை மெல்லச் சாய்ந்து அந்தத் தோளில் இறங்கியது. இரண்டு தடவை திடுக்கிட்டது, இரண்டு தடவையும் தில்ஷாத் கையை அழுத்தினாள். மூன்றாவது தடவை திடுக்கிடவில்லை. வாய் லேசாகத் திறந்தது. பதினோரு வருஷத்துத் தூக்கம் அவளுக்குள் சத்தமில்லாமல் இறங்கியது, அதே சமயத்தில் வண்டியும் நகர்ந்தது. அதுவரை தூங்குகிறவர்கள் விழிப்பதற்காகக் காத்திருந்த வண்டி, அன்றைக்கு இவள் தூங்குவதற்காகக் காத்திருந்து, அவளைத் தூங்கத் தூங்கவே தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஜெகதீசன் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

மறுநாள் நடைமேடை இல்லை. கொத்தேரிக்கும் வடசாவடிக்கும் நடுவில் ஜனங்கள் ஒரு வாரம் ஜன்னல் வழியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள், பிறகு அலுப்பு பழையபடி சேர ஆரம்பித்ததும் அதுவும் நின்றுபோனது. தில்ஷாத்துக்கு அன்று மத்தியானம் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள், எடை குறைச்சல், ஆனால் அழுத சத்தம் வராந்தாவைத் தாண்டிக் கேட்டதாக ரெஜினா சொன்னாள். அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று காலையில் இன்னும் ஒரு காரியம் மீதி இருந்தது.

தோல்பட்டறையில் தில்ஷாத்தை இறக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். இறங்குவதற்கு முன் அவள், தன் தோளில் இருந்த தலையைப் பூப்போல எடுத்து நாகம்மாளின் தோளில் வைத்து, "மில் கேட்டு. மூணு நிமிஷம் முன்னாடி. கைய விடக் கூடாது" என்று சொல்லி, நாகம்மாள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ரெஜினாவோடு இறங்கினாள். நாகம்மாளுக்குச் சந்தைமேட்டில் இறங்க வேண்டும். செத்த கீரைக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, எதிரில் குடை வைத்திருந்த டீச்சரிடம் தோளையும் கையையும் சேதியையும் ஒப்படைத்தாள். டீச்சர் ஓடைப்பாலத்தில் இறங்கினாள். அப்போது பெட்டியில் பழைய ஆட்கள் ஒருவரும் மிச்சமில்லை. அங்கே புதிதாக ஏறின ஒரு பெண், ஜவுளிக்கடைச் சீருடைச் சேலை கட்டினவள், நடைமேடையைப் பற்றியோ பூங்காவனத்தைப் பற்றியோ ஒன்றுமே அறியாதவள், உட்காரப் போனவளை டீச்சர் பிடித்து நிறுத்தி மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டு ஓடினாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. இடம் கிடைத்தால் தானும் தூங்கலாம் என்று வந்தவள், முன்பின் தெரியாத தலையைத் தோளில் வாங்கிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக் கசக்கி விழித்தபடி, வெளியே போகிற ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூங்காவனம் கண் திறந்தபோது தன் கை யாரோ ஒருத்தியின் கைக்குள் இருந்தது. முகம் தெரியவில்லை. தில்ஷாத் இல்லை, நாகம்மாள் இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பழைய பதற்றத்தில் உடம்பு எழப் பார்த்தது.

"மெதுவாம்மா" என்றாள் அந்தப் பெண், கையை விடாமல். "மில் கேட்டு வர இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. மெதுவா எழுந்திரிங்க."

பூங்காவனம் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது, அவள் துடைக்கவில்லை. இருவரும் எழுந்து கதவருகே போனார்கள். நடைமேடை வந்தது, பெஞ்சுகள் நகர்ந்தன, டீக்கடை நகர்ந்தது, பலகை நகர்ந்தது, ஆட்கள் குதித்துக் குதித்து இறங்கினார்கள். "வண்டி நின்னுருச்சாம்மா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. நிக்கட்டும்."

வண்டி நின்றது. நன்றாக நின்ற பிறகு, பூங்காவனம் இறங்கினாள்.